வாழைநாரில் எடுத்த இடுப்பளவு

கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவிக்காக நான் தனியாகக் கடைக்குப் போய் வாங்கி வந்த முதல் உடுப்பு, ஹாக்கியில் கோல் காப்பவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்கிற மெத்தை வைத்த அரைக்கால் சட்டை. சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. புடவை வாங்கத் துப்பில்லாதவன் கதை விடுகிறான் என்று நினைக்கிறார்கள். புடவை வாங்கவும் எனக்குத் துப்பில்லை என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. நான் தனுவச்சபுரத்தில் ஒரு பாரலல் காலேஜில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பெரிய கல்லூரிகளில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஓலைக்கூரைக்குக் கீழே பாடம் சொல்லும் இடம் அது. அப்பா நான் படித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். அதனால் வீட்டில் அம்மா, நான், புதிதாக வந்த என் மனைவி, மூன்று பேர்தான்.

பெண் பார்க்கப் போனபோது காஞ்சிரங்குளத்தில் அவர்கள் எதையும் மறைக்கவில்லை. "பிள்ளைக்கு விளையாட்டு உண்டு, யூனிவர்சிட்டி டீமுக்க கோலியாக்கும்" என்று பெருமையாகவே சொன்னார்கள். அலமாரியில் இருந்த கோப்பைகளை அம்மாவும் சந்தோஷமாகப் பார்த்துத் தலையாட்டினாள். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்த பந்து ரப்பர் பந்து. ஹாக்கிப் பந்தை அவள் முதல்முதலாகக் கையில் வாங்கியது கல்யாணத்துக்குப் பிறகுதான். உருட்டிப் பார்த்தாள், தரையில் தட்டிப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். அம்மாவுக்கு எதையும் அப்படிச் சோதித்துப் பார்க்கிற பழக்கம். பெருங்கடவிளைச் சந்தையில் அவள் மண்சட்டிக் கடை முன்னால் நின்றால் கடைக்காரருக்கு முகம் சுண்டிவிடும்.

"இது பந்தா, கல்லா?" என்று கேட்டாள்.

"பந்துதான் மாமி" என்றாள் என் மனைவி.

"இதயா ஆளுக்க மேல அடிக்கியாவ?"

"ஆளுக்க மேல இல்ல மாமி. கோலுக்குள்ள அடிப்பாவ. நான் எடையில நிப்பேன்."

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். இதைக்கூடக் கேட்டு வைக்காமல் நீ என்னத்தைப் பெண் பார்த்தாய் என்று அதற்கு அர்த்தம்.

அப்போது ஒரு அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஒரு கோலி தேவைப்பட்டது. அணியில் எடுத்தால் அந்தத் துறையிலேயே வேலையும் கிடைக்கும். அதற்கான தேர்வு திருவனந்தபுரத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் என்று என் மனைவிக்குப் பயிற்சி கொடுத்த பழைய கோச்சம்மா பக்கத்து வீட்டு ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வருடம் போனால் வயது கடந்துவிடும். அதாவது, அந்தச் சனிக்கிழமை அவள் கோல் வாசலில் நன்றாக நின்றால் ஹாக்கி உண்டு. இல்லையென்றால் கோப்பைகள் அலமாரியில் இருக்கும், அவ்வளவுதான். அவள் தினமும் மாலையில் தான் படித்த கல்லூரி மைதானத்துக்குப் போய்ப் பழைய அணியோடு சேர்ந்து பயிற்சி செய்ய ஆரம்பித்தாள்.

காலுக்குப் பெரிய பேட், கைக்கு உறை, தலைக்கு ஹெல்மெட் எல்லாம் கல்லூரியிலேயே இருந்தன. இடுப்புக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு தோர்த்துத் துண்டை நாலாக மடித்துக் கட்டிக்கொண்டுதான் அவள் அத்தனை வருடமும் விளையாடியிருக்கிறாள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தோர்த்து நழுவியிருந்த நேரம் பார்த்து ஒரு பந்து வலது இடுப்பெலும்பில் நேராக வந்து விழுந்தது. அவள் எங்களிடம் சொல்லவில்லை. மறுநாள் கிணற்றடியில் குடத்தை இடது பக்கம் மாற்றி வைத்ததை அம்மா பார்த்துவிட்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் அவிழ்த்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அம்மாவின் முகம் வெளிறியிருந்தது.

"எலே, இஞ்ச வா. ஒரு பப்படம் வலுப்பத்துக்குக் கறுத்துக் கெடக்கு. நீ கண்ணு இல்லாதவனா?"

கல்யாணமாகி நாலு மாதம் ஆனவனிடம் ஒரு தாய் கேட்கிற கேள்வியா அது?

அம்மா ஏன் அப்படி அரண்டாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் அக்கா குளத்துப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர், பிறகு எழுந்து நடக்கவே இல்லை. கடைசிவரை கூட இருந்து திருப்பிப் போட்டதும் குளிப்பாட்டியதும் அம்மாதான். காய்ச்சல், மஞ்சள்காமாலை எதற்கும் அவள் கலங்க மாட்டாள். இடுப்பு என்றால் மட்டும் அவளுக்குத் தாங்காது.

"இனி அந்தக் களிக்குப் போவண்டாம்" என்றாள் அம்மா. பயம் வந்தால் அவள் பேச்சில் மலையாளம் கூடும், விளையாட்டு களியாகிவிடும்.

"போவேன் மாமி. ஆனா உங்களுக்கு மனசு செரியாகாம போகதுக்கு எனக்குப் பிடிக்கல்ல" என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தவில்லை, கண்ணும் கலங்கவில்லை. கோல் காக்கிறவளுக்கு நிற்கத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அம்மா எண்ணெயைச் சூடாக்கப் போனாள்.

ஆனால் அன்று மாலை பின்பக்கத்து மரச்சீனித் தோட்டத்தில் என்னிடம் என் மனைவி வேறொன்று சொன்னாள்.

"அத்தான், வேதன எனக்குக் கணக்கில்ல. இப்ப வலது பக்கம் பந்து வந்தா உடம்பு தன்னால திரும்புது. நான் திருப்பல்ல. அதுவே திரும்புது. கோச்சம்மா கண்டுபிடிச்சிட்டாவ. திரும்புத கோலிய ஒருத்தரும் எடுக்க மாட்டாவ."

சொல்லும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்காக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று ஒரு வேகம். வேகம் வந்தால் எனக்கு நிதானம் போய்விடும். இது என் கூடப் பிறந்தது.

இடுப்புக்கென்றே தைத்த பேட் கடைகளில் கிடைக்கும் என்று கோச்சம்மா சொல்லியிருந்தார். "வாங்கிருவோம், இதென்ன பெரிய காரியம்" என்றேன். அவள் அந்த வாரம் ஒரு சடங்குக்காகப் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன், வெள்ளிக்கிழமை சேர்ந்து போய் வாங்கலாம் என்றாள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் அவள் திரும்பி வரும்போது பேட் கட்டிலில் இருக்கவேண்டும், அதைப் பார்த்து அவள் வாய் பிளக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. புது மாப்பிள்ளை ஆசை.

எங்கே வாங்குவது என்று அம்மாவிடம் கேட்டதுதான் தப்பு. எல்லைக்காரர்களிடம் அப்படிக் கேட்கக்கூடாது. அம்மா பிறந்தது மார்த்தாண்டம் பக்கம். ஒரு குண்டூசி வாங்கக்கூட நாகர்கோவில்தான் நல்லது என்பாள். நான் பாறசாலையில் வளர்ந்தவன், எனக்குத் திருவனந்தபுரம். "அந்தப் பக்கம் சாதனம் ஒறப்பில்ல" என்றாள் அம்மா. "அங்க வாங்கினா பெயின்ட் கூட சாயம் போவும்" என்பது அவள் வழக்கமாகச் சொல்கிற அடுத்த வசனம். அதற்கு நான் காத்திருக்கவில்லை.

அடுத்தது அளவு. கடையில் இடுப்பளவு கேட்பார்களே என்று நினைவு வந்தது புதன்கிழமை காலையில், சட்டை மாட்டிக்கொண்ட பிறகு. எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்கக் கூச்சம். கொல்லைக்குப் போனேன். கொடியில் இரண்டு உள்பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று வெளுத்த நீலம், ஒன்று அரக்குச் சிவப்பு. புதுப்பெண் கலராகத்தானே உடுத்துவாள் என்று முடிவுகட்டி, வாழைத்தடையிலிருந்து காய்ந்த நார் ஒன்றைக் கிழித்து, அரக்குச் சிவப்பின் இடுப்பைச் சுற்றி வைத்து, முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். கணக்கு வாத்தியார் அளவெடுத்த லட்சணம் இது.

"எலே, கொடியில என்னத்தத் தேடுத?" என்று அடுக்களை ஜன்னலிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, காய்ஞ்சுதான்னு பாத்தேன்."

இருபத்தேழு வயதில் முதல்முறையாகக் கொடித்துணி காய்ந்ததா என்று பார்க்கிற மகனை அம்மா சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

கடை தம்பானூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. கண்ணாடி அலமாரி நிறைய கிரிக்கெட் மட்டைகள், கால்பந்துகள், கேரம் காய்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்த வயதான மனிதர். நான் மலையாளத்துக்கு மாறி விஷயத்தைச் சொன்னேன்.

"ஆருக்கா?" என்றார்.

"பார்யைக்கு."

"கோளியோ?" என்று கேட்டவரின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து இரண்டு வகை எடுத்துப் போட்டார். கர்டில் என்று பெயர் சொன்னார். ஒன்று மெல்லியது, உடம்போடு ஒட்டுகிற துணி, இரண்டு பக்கமும் இடுப்பெலும்புக்கு நேராக ஃபோமுக்குள் பிளாஸ்டிக் தகடு, பின்னால் வால் எலும்புக்கு ஒரு சின்ன மெத்தை. இன்னொன்று தடித்தது, தலையணையை வெட்டிச் சட்டையாகத் தைத்ததுபோல இருந்தது. நான் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தடித்ததை ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். பக்கத்தில் ஷட்டில் காக் வாங்க வந்திருந்தவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

"மெலிஞ்சது மதி சாரே. ஓடாம், சாடாம்" என்றார் கடைக்காரர், மெல்லியதே போதும், ஓடவும் குதிக்கவும் தோது என்று.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பப்படம் அளவு கறுப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. எவ்வளவு தடியோ அவ்வளவு நல்லது என்று தோன்றியது. தடித்ததையே எடுத்தேன்.

"சைஸ் எத்ரயா?"

நான் சட்டைப் பையிலிருந்து வாழைநாரை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேப்பை எடுத்து நாரை நீட்டி அளந்தார். மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவில் வந்தது. மீடியம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "இது முண்டும் ஷர்ட்டும் அல்ல சாரே. தேகத்து ஒட்டிக் கிடக்கணம்."

எங்கள் வீட்டில் துணி வாங்கும்போது ஒரு சட்டம் உண்டு. எதுவானாலும் ஒரு சைஸ் கூட்டித்தான். துவைத்தால் சுருங்கும் என்று அம்மா சொல்லிச் சொல்லி நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தோளுக்குக் கீழே தொங்குகிற சட்டையோடுதான் போனேன். அந்தச் சட்டைகள் ஒன்றுகூடச் சுருங்கவில்லை. ஆனாலும் பழகின புத்தி போகுமா? லார்ஜ் வாங்கிக்கொண்டு ராஜாவைப்போல பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். கட்டிலில் இருந்ததைப் பார்த்து, நான் ஆசைப்பட்டபடியே வாய் பிளந்தாள். கண்ணில் சந்தோஷம் தெரிந்தது. அதுவரைக்கும் எல்லாம் சரி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து, பாவாடைக்கு மேல் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் முழங்காலுக்கு இறங்கியது. இடுப்பெலும்புக்கு வரவேண்டிய மெத்தை ஒன்று முன்பக்கம் வந்து தொங்கியது.

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "இது ஆருக்க அளவு மக்கா?"

"அவளுக்க பாவாடைல எடுத்ததுதான்" என்றேன். ஆதாரத்துக்கு நாரை எடுத்துக் காட்டினேன். "கொடியில கெடந்த அரக்குச் சிவப்பு."

"எலே! அது எனக்க பாவாடையாக்கும்!"

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. அம்மா முதலில் முறைத்தாள், பிறகு அவளுக்கும் வந்துவிட்டது. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரிக்க, நான் வாழைநாரோடு நடுவில் நின்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

பரவாயில்லை, காலையில் போய் மாற்றிவிடலாம் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம். அப்போதுதான் ரேடியோவில் செய்தி. வெள்ளிக்கிழமை ஹர்த்தால். பஸ் கிடையாது, கடை கிடையாது. எதற்கு ஹர்த்தால் என்று இப்போது எனக்கு நினைவில்லை. அப்போதும் யாரும் கேட்டதாக நினைவில்லை. சனிக்கிழமை காலையில் கடை திறக்கிற நேரத்தில் அவள் கோல் வாசலில் நிற்கவேண்டும். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மீடியம் வாங்கியிருந்தால், நான் அவளுக்காகக் காத்திருந்தால் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அந்த கர்டிலைக் கையில் எடுத்தாள். விரித்தாள், பிழிந்தாள், அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் இரண்டு போடு போட்டாள்.

"குழவி வேற, பந்து வேற மாமி" என்றாள் என் மனைவி.

"அது எனக்கும் அறியலாம். இது எனக்கு அளவு செரிதான? அப்ப நான் இட்டுப் பாக்கேன். நீ அடி."

நாங்கள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தோம். அம்மா உள்ளே போய், பாவாடைக்கு மேல் அதை மாட்டி, அதற்கு மேல் அப்பாவின் பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து பின்பக்கத்துச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்றாள். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஹர்த்தாலுக்கு வேலையில்லாமல் வீட்டில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுவருக்கு மேல் தலை காட்டினார்கள்.

"அம்மா, வேண்டாம். மூஞ்சில பட்டா?" என்றேன்.

"நீ மொறத்த வச்சு மறச்சுக்கோ."

அப்படியாக நான் முறத்தை அம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னிடம் படிக்கிற பையன்களில் ஒருவன்கூட அந்தப் பக்கம் வரக்கூடாது என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

என் மனைவி மட்டையைக் கீழே போட்டாள். "என்னால முடியாது மாமி. உங்களுக்க மேல எப்பிடி அடிப்பேன்?"

"எனக்கு நோவும்னு உனக்குப் பயம். உனக்கு நோவும்னு எனக்குப் பயம். இப்பிடியே நின்னா சனியாழ்ச்ச கோலில ஆரு நிக்கது, இவனா?"

சுவருக்கு மேலிருந்து சிரிப்பு. அவள் மட்டையை எடுத்தாள். முதல் பந்து மெதுவாக உருண்டு வந்து அம்மாவின் காலடியில் நின்றது.

"இது என்ன, கோழிக்குத் தீனி போடுதியா?"

அடுத்தது கொஞ்சம் எழும்பித் தொடையில் தட்டியது. அம்மா உதட்டைப் பிதுக்கினாள். அதற்கு அடுத்ததை என் மனைவி உண்மையாகவே அடித்தாள். பந்து வந்ததை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டேன். நனைந்த மெத்தையைத் தடியால் அடிக்கிற சத்தம். அம்மா ஒரு ஆட்டம் ஆடி நின்றாள். என் மனைவி மட்டையை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். அம்மா இடுப்பைத் தடவிப் பார்த்தாள், இரண்டு எட்டு நடந்து பார்த்தாள், பிறகு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"கேட்டியா மக்களே, சத்தம் மட்டும்தான் உண்டு. வேற ஒண்ணும் இல்ல."

என் மனைவி அழுதுகொண்டே அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் முறத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். முறம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

சாதனம் கொள்ளாம், நல்ல சரக்குதான் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனி அதை மருமகளின் அளவுக்குச் சின்னதாக்கவேண்டும். அம்மாவிடம் ஒரு தையல் மிஷின் உண்டு. தலையணை உறையும் தன் ஜாக்கெட்டும்தான் தைப்பாள். பக்கத்தில் வெட்டினால் மெத்தை கெட்டுப்போகும் என்று நடுமுதுகுத் தையலைப் பிரித்து, நன்றாக உள்ளே இழுத்துப் பிடித்து, மூன்று ஊசியை உடைத்துத் தைத்து முடித்தாள். மத்தியானம் என் மனைவி அதை மாட்டிக்கொண்டு குனிந்தாள், குதித்தாள், காலை அகற்றி உட்கார்ந்தாள். நழுவவில்லை. தோலைப்போல ஒட்டியிருந்தது.

அன்று மாலை நான் தோட்டத்தில் அவளுடைய வலது பக்கமாகவே பந்தை அடித்துக்கொடுத்தேன். முதலில் திரும்பினாள். இரண்டாவதற்கும் திரும்பினாள். "இல்ல, இல்ல" என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிற்க ஆரம்பித்தாள். என் அடி ஒரு அடியே அல்ல. நாளைக்கு அடிக்கப்போகிறவர்கள் வேறு மாதிரி என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். அம்மா வருவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வாழையிலையில் மூன்று பொதி சோறு கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே படியிறங்கி நின்றாள். மைதானம் செம்மண். கோலி இடத்துக்கு மட்டும் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் வாட்டசாட்டமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. பயத்தில் அப்படித் தெரிந்திருக்கலாம். நாங்கள் ஒரு வாகை மர நிழலில் உட்கார்ந்தோம். அம்மா பொதியை மடியில் வைத்துக்கொண்டு, கேள்விக்கு மேல் கேள்வியாக என்னை விளையாட்டு முறைகளைக் கேட்டாள். எனக்குத் தெரியாததையும் சொல்லி வைத்தேன்.

கடைசியில் பெனால்டி கார்னர். எல்லைக்கோட்டிலிருந்து தள்ளிவிடுகிற பந்தைக் கோலுக்கு எதிரே நிறுத்தி முழு வேகத்தில் அடிப்பார்கள். அடிக்க வந்தவள் அந்தத் துறை அணியிலேயே இருந்த உயரமான பெண். இடது மூலைக்கு அடித்ததை என் மனைவி காலால் தட்டிவிட்டாள். நடுவில் வந்ததையும் தடுத்தாள். ஒன்று உள்ளே போய்விட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பந்து தரையிலிருந்து எழும்பி நேராக அவளுடைய வலது இடுப்புக்கு வந்தது.

நான் பந்தைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் திரும்பவில்லை. சதுரமாக, அடிக்கிறவளைப் பார்த்தபடியே நின்றாள். பட்டது, கீழே விழுந்தது, அவள் அதை ஒரே உதையில் மைதானத்துக்கு வெளியே தள்ளினாள். அந்த உயரமான பெண்ணே மட்டையைத் தரையில் தட்டிப் பாராட்டினாள். நான் எழுந்து நின்று என்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, மலையாளமா தமிழா என்றுகூடத் தெரியாது.

பகல் சாயும் முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அவளை எடுத்தாயிற்று. அடுத்த மாதம் பெங்களூரில் பயிற்சி முகாம், மூன்று வாரம். என்னிடம் இதைச் சொல்லும்போது, இரண்டடி தள்ளிப் பொதி இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பெங்களூர் விஷயத்தை அம்மாவிடம் இன்றைக்குச் சொல்லவேண்டாம், மெதுவாகச் சொல்லலாம் என்று முடிவுசெய்தோம். ஒரு பப்படம் அளவு கறுப்புக்கே அப்படி அரண்டவள், மூன்று வாரம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இந்தப் பந்தடி என்றால் என்ன சொல்வாளோ?

திரும்பி வரும் பஸ்ஸில் பெண்கள் சீட்டில் அம்மாவும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். பாலராமபுரம் தாண்டியபோது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் மனைவி "ஸ்ஸ்" என்றாள். சின்னச் சத்தம்தான்.

அம்மா திரும்பினாள். "என்ன?"

ஒன்றுமில்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லவேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசிப் பந்து பேட்ல படல்ல மாமி. பின்னாலே இழுத்துத் தைச்சதுல மெத்தை கொஞ்சம் பின்னாலே போயிட்டுது. வெறும் எலும்புலதான் பட்டுது."

அதே எலும்பு. பழைய கறுப்பே முழுதாக ஆறியிருக்கவில்லை.

"எப்ப அறிஞ்ச?" என்றாள் அம்மா.

"பந்து வரதுக்கு முன்னாலயே. குனிஞ்சப்பமே மெத்தை அங்க இல்லன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் திரும்பல்லியா?"

"இல்ல மாமி."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நெய்யாற்றின்கரை வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் தன் அக்காவைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். வீட்டுக்குப் போனதும் அந்த கர்டில் அடுப்பில் போகப்போகிறது என்று நான் தீர்மானமாக நம்பினேன். என் மனைவியும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். அவள் முகம் வாடிப்போயிருந்தது.

பஸ் கிளம்பியது. அம்மா திரும்பி, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், மருமகளின் இடுப்பில் கையை வைத்து எலும்பைத் தேடினாள். பட்ட இடத்துக்கு நோகாமல் பக்கத்தில் விரலை வைத்து அளந்தாள்.

"ரெண்டு வெரக்கட முன்னால தள்ளித் தைக்கணும்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டாள்: "பெங்களூருக்கு என்னைக்குப் போவணும்னு சொன்னாவ?"